சோளக்காட்டில் என் சால்வை

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சோளக்காட்டு நடுவில் நின்ற காவல் பொம்மை என் சால்வையைப் போர்த்திக்கொண்டிருந்தது.

என்னுடையதுதானா என்று சந்தேகப்படக்கூட வழியில்லை. போன மழைக்காலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, குரோஷே ஊசியால் நான் பின்னிய சால்வை. காப்பிப்பொடி நிறம், ஓரமெல்லாம் மஞ்சள் பூ. கடைசி மூலைக்கு வரும்போது நூல் தீர்ந்துபோய், கடையில் அதே மஞ்சள் கிடைக்காமல், கொஞ்சம் வெளிறிய மஞ்சளில் முடித்திருந்தேன். அந்த வெளிறிய மூலை பொம்மையின் இடது கையில் தொங்கியது. தலைக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்திருந்தார்கள். அதன்மேல் ஒரு காகம் உட்கார்ந்து, பயம் என்பதே இல்லாமல் இறகு கோதிக்கொண்டிருந்தது.

அந்தச் சால்வையை நான் என் அக்காவுக்குக் கொடுத்தனுப்பியிருந்தேன்.

அக்காவும் நானும் ஒரே ஊர்தான், ஆளுக்கொரு கோடி. போன கோடையில் அவள் மகன் வீட்டுக்குப் போனபோது தோட்டத்தை என் பொறுப்பில் விட்டுப்போனாள். தோட்டம் என்றால் எனக்கு உயிர், ஆனால் கை தாராளம். வெயிலில் வாடிவிடுமே என்று அவளுடைய ரோஜாக்களுக்கு வாளி வாளியாக ஊற்றினேன். வேரெல்லாம் அழுகிவிட்டது. திரும்பி வந்தவள் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், "உன் கை பட்டா எதுவுமே பிழைக்காதுடி" என்றாள். செடியைத்தான் சொன்னாள். ஆனால் அதற்கு முந்தின பனிக்காலத்தில்தான், என் கையால் மருந்தும் சாப்பாடும் வாங்கிக்கொண்டே என் வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்திருந்தார். சொன்ன பிறகுதான் அவளுக்கும் அது உறைத்தது. அவள் முகமும் வெளுத்தது, என் முகமும் வெளுத்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதோடு பேச்சு நின்றுபோனது.

அதற்கப்புறம் நான் பைத்தியமாகாமல் இருந்ததற்குக் காரணம் செடியும் நூலும் காலை நடையும்தான். நடைக்குத் துணை அடுத்த தெரு குடை டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. வெயிலோ மழையோ, பூப்போட்ட குடை இல்லாமல் வாசற்படி தாண்டமாட்டார். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் நடப்போம். பனிக்காலத்தில் வாயால் புகை விட்டுக்கொண்டு ஆற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்து பின்னுவோம். டீச்சர் பின்னியதைவிடப் பிரித்தது அதிகம். "கணக்குல தப்பு விட மாட்டீங்க, கண்ணியில மட்டும் எப்படி விடறீங்க?" என்று கிண்டல் பண்ணுவேன். கோபித்துக்கொள்ளவே மாட்டார். கூட வேலை பார்த்தவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தேன் என்று ஒரு மஞ்சள் ரோஜாப் பதியனைக்கூட எனக்குத் தந்தார். அக்கா தோட்டத்தில் பட்ட புத்தியால், அதற்கு மண்ணில் விரல் விட்டு ஈரம் பார்த்துப் பார்த்துத்தான் தண்ணீர் விட்டேன். பனிக்கு என் குரோஷே மேசைவிரிப்பையே போர்த்தினேன். இந்த வாரம்தான் பூத்திருக்கிறது.

சால்வையை அக்காவிடம் கொண்டுபோனதும் டீச்சர்தான். எனக்கு ரோஷம், நேரே போகக் கால் வரவில்லை. திரும்பி வந்தவர், "வாங்கி வச்சுக்கிட்டாங்க. ஒரு வார்த்தை சொல்லல" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் பனிக்காலம் முழுக்கக் காத்துக் கிடந்தேன். போன் அடித்தால் சோப்புக் கையோடு ஓடினேன்.

சோளக்காட்டு வழி எங்களுக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் டீச்சர் அந்தப் பக்கம் வரவே மாட்டார். நாய் என்பார், பாம்பு என்பார், ஒன்றுமில்லாவிட்டால் முழங்கால் என்பார். இன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். தனியாகப் புறப்பட்டதால் இந்த வழியில் வந்தேன். வந்து பார்த்தால், அக்கா என் சால்வைக்குச் செய்திருக்கும் மரியாதை!

வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பியிருக்கலாமே? காகம் உட்காரவா கண்ணைக் கெடுத்துக்கொண்டு பின்னினேன்? வரப்பில் வழுக்கி வழுக்கி நான் உள்ளே இறங்கியதைப் பார்த்து, காட்டுக்காரர் மோட்டார் கொட்டகையிலிருந்து ஓடி வந்தார்.

"யாரும்மா அது? பயிரை மிதிக்காதீங்க!"

"இந்தச் சால்வை உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"எங்கம்மாவுக்குக் குளிருக்கு ஆகும்னு ஒருத்தங்க குடுத்தாங்க. ஒரே ஓட்டை ஓட்டையா இருக்கு, அதுல எங்க குளிர் தாங்கும்? பொம்மைக்காவது இருக்கட்டும்னு மாட்டிவிட்டேன்."

"ஓட்டை இல்லைங்க அது, டிசைன்!"

"டிசைனோ என்னவோ. காக்கா மதிக்கல."

கோபத்தை விழுங்கிக்கொண்டு, "குடுத்தவங்க குட்டையா, கன்னத்துல மச்சத்தோட இருந்தாங்களா?" என்று கேட்டேன். பதில் தெரிந்த கேள்விதான். அக்காவை அப்படியே கண்முன் நிறுத்திவிட்டுத்தான் கேட்டேன்.

"இல்லையே. நெட்டையா இருப்பாங்க. வெயில் இல்லாதப்பவும் குடை பிடிச்சிட்டு வருவாங்க. பூப்போட்ட குடை."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அவர் மேற்கொண்டு ஏதோ பேசினார், வாய் அசைவது மட்டும் தெரிந்தது. "என்ன குடை?" என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் பூப்போட்ட குடை என்றே சொன்னார். நான் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். ஊரில் பாதிப் பேருக்கு மூக்கில் கண்ணாடி மாட்டிவிட்டு, "இப்ப நல்லா தெரியுதா?" என்று கேட்கிறவள் நான்.

சால்வையை உருவினேன். "அப்ப பொம்மைக்கு?" என்றார் காட்டுக்காரர். வெயிலுக்குப் போட்டிருந்த என் குரோஷே தொப்பியைக் கழற்றி வாளித் தலையில் மாட்டினேன். "இதுவும் ஓட்டைதான்" என்று அவர் முனகியது காதில் விழுந்தது. சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

டீச்சர் கட்டிலில் படுத்திருந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். அது என்ன, எங்கே கிடைத்தது என்று ஒன்றும் கேட்கவில்லை. வழியெல்லாம் எனக்கு ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் அதில் போய்விட்டது.

"ஏன் டீச்சர்?"

"உக்காரு, சொல்றேன்."

"உக்கார வரல. ஏன்?"

"கொண்டுபோய்க் குடுக்கத்தான் கிளம்பினேன், சத்தியமா. பாதி வழியில மனசு கெட்டுப்போச்சு. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துட்டா, அப்புறம் காலைல அக்காவோட நடப்ப. சாயங்காலம் அக்கா தோட்டத்துல இருப்ப. நான் யாரோட நடப்பேன்? எனக்கு வேற யாரு இருக்கா?"

"அடப்பாவமே! அதுக்காக, ஒரு வார்த்தை சொல்லலன்னு சொல்லிச் சொல்லி என்னைச் சாகடிச்சீங்களா? தினம் என் பக்கத்துலயே நடந்துக்கிட்டு!"

டீச்சர் அழுதார். அழட்டும் என்று நின்றேன். சால்வையிலிருந்து காய்ந்த மண் தரையில் உதிர்ந்தது.

"இன்னொண்ணும் இருக்கு. அதையும் சொல்லிடறேன்" என்றார். "உன் வாசல்ல பூத்திருக்கே, மஞ்சள் ரோஜா. அது உன் அக்கா குடுத்தது."

"என்னது?"

"பனிக்காலத்துல என்னைத் தேடி வந்தாங்க. நேர்ல வர முகமில்ல, நீங்க குடுத்துடுங்கன்னு தந்தாங்க. தண்ணி விட்டதுல தப்பிச்சது அந்த ஒரு செடிதானாம், அதுலேருந்து பதியன் போட்டது. சால்வைன்னா யாருக்காவது குடுத்துடலாம். செடியைத் தூக்கி எறிய மனசு வரல. அதான் வேற பேர் சொல்லி உன்கிட்டயே தந்துட்டேன்."

நான் விரல் விட்டுப் பார்த்துப் பார்த்து வளர்த்தது, போர்வை போர்த்தியது, பூத்த அன்று டீச்சர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டியது, எல்லாம் அக்காவின் செடி. அன்றைக்குக்கூட இந்த மனுஷி, "உனக்குக் கை ராசிதான்" என்று சிரித்தாரே!

"அக்காகிட்ட என்ன சொன்னீங்க?"

டீச்சர் போர்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வாங்கி வச்சுக்கிட்டா. ஒரு வார்த்தை சொல்லலன்னு."

வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். இனி என் தெருப் பக்கம் வந்தால் குடையை உடைத்துவிடுவேன் என்றேன். திட்டிக்கொண்டே தண்ணீர் சுட வைத்து, மாத்திரையைக் கையில் திணித்து, அவர் விழுங்கும்வரை நின்றேன். காய்ச்சல் நெருப்பாக அடிக்கிறபோது வேறென்ன செய்வது? கதவை மட்டும் பலமாகச் சாத்திவிட்டு வந்தேன்.

அக்கா வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். எதிரே வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டிவைத்தேன். எதை முதலில் சொல்வது, பொம்மையையா, டீச்சரையா என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. அவள் என் கையில் இருந்த சால்வையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள், பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி.

"செடி செத்துப்போச்சா?" என்றாள். "அதைச் சொல்லத்தான் வந்தியா? நான் சொன்ன மாதிரியே ஆயிடுச்சா?"

இத்தனை மாதமும் அவள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் பேசாததற்கு அவளுக்குத் தோன்றிய காரணம் அது ஒன்றுதான்.

"பூத்திருக்குக்கா" என்றேன். "மூணு பூ. இன்னும் மொட்டு இருக்கு."

அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். நகத்தில் தோட்டத்து மண், ஆள்காட்டி விரலில் ஊசி பிடித்துக் காய்த்த இடம். "இந்தக் கையைப் போயி நான்..." என்றாள்.

நான் சால்வையை உதறி அவள் தோளில் போர்த்தினேன். மண், காக்காய் எச்சம், கிழிந்த ஓரம், எல்லாம் சேர்ந்து ஒரு வாடை அடித்தது.

"இது ஏதுடி?"

"உனக்குப் பின்னினது. பெரிய கதை, அப்புறம் சொல்றேன்."

வெயில் சுள்ளென்று அடித்தது. அவளுக்கு நெற்றியெல்லாம் வேர்த்து வழிந்தது. கழற்றச் சொன்னேன், கழற்றவே இல்லை.