மாமியாரும் மருமகளும் வள்ளிக்கண்ணு

ஏழு வயதில் நாடகக் கம்பெனியின் பிரகலாதன் வள்ளிக்கண்ணுதான். திருச்சியில் அவளைப் பார்க்கவே கொட்டகை நிரம்பும். பதின்மூன்று வயதில் மூங்கில் மாதிரி வளர்ந்துவிட்டாள். பிரகலாதன் இரணியனைவிட அரையடி உயரமாக நின்றால் நரசிம்மம் யாரைக் காப்பாற்ற வரும்? கம்பெனி மாலை போட்டு அனுப்பிவைத்தது.

வளர்ந்தது உடம்புதான், குரல் அப்படியே இருந்தது. இருபது வயதில் வானொலி நிலையத்துக் குரல் தேர்வுக்குப் போனாள். அவள் வணக்கம் சொன்னதும், நாடகங்களைக் கவனிக்கும் அற்புதசாமி தலை நிமிராமலே, "யாருங்க சின்னப் பிள்ளையை உள்ள விட்டது?" என்று அதட்டினார். வேலை கிடைத்துவிட்டது.

இரண்டு வருஷம் குழந்தைக் குரல்களாகப் பேசினாள். பிறகு மருமகள் வேஷம் வந்தது. 1960 தொடக்கத்தில், வைகுண்ட ஏகாதசியன்று சாயங்காலம் நாடகம். அப்போதெல்லாம் நேரடி ஒலிபரப்பு. மாமியாராகப் பேச வேண்டிய வெள்ளையம்மாள் ஸ்ரீரங்கத்துக்காரர். கூட்டத்தில் அவர் வந்த பஸ் காவிரிப் பாலத்திலேயே நின்றுவிட்டது. ஒலிபரப்புக்கு ஐந்து நிமிஷம்தான் இருந்தது. அற்புதசாமிக்கு வியர்த்துக் கொட்டியது.

"சார், ரெண்டு பேரையும் நானே பேசிடுறேன்," என்றாள் வள்ளிக்கண்ணு.

"விளையாடுறியாம்மா? ரெண்டு பேருக்கும் சண்டை!"

"சண்டைன்னா இன்னும் சுலபம் சார். எதிராளி என்ன சொல்வாள்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

சிவப்பு விளக்கு எரிந்தது. மைக்குக்கு இந்தப் பக்கம் மருமகள், அந்தப் பக்கம் தாவினால் மாமியார். புருஷனாக நடித்த விக்டர், "அம்மா சொல்றதும் சரிதான்," என்று சொல்ல வேண்டிய இடத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வர, துண்டைக் கடித்துக்கொண்டு விம்மினான். கேட்டவர்கள் அவன் அழுவதாக நினைத்தார்கள். மாமியார் அறைய வேண்டிய இடத்தில் வள்ளிக்கண்ணு தன் கன்னத்தில் தானே ஒன்று விட்டாள். உண்மையாகவே வலித்தது. வலியிலும் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்: இரணியனும் நான், பிரகலாதனும் நான்!

வெளியே வந்தால் வாசலில் அம்மா வீராயி, கையில் குடையோடு. உறையூர் பூங்கா ரேடியோவில் நாடகத்தைக் கேட்டுவிட்டு நேராக வந்திருக்கிறாள். மருமகள் தன் மகள் என்று தெரிந்தது; மாமியார் யாரென்று தெரியவில்லை.

"என் பொண்ணை அறைஞ்சவ எங்க?"

வள்ளிக்கண்ணு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மாமியார் குரலில், "நான்தான் சம்பந்தி, என்ன இப்போ?" என்றாள்.

வீராயி குடையை ஓங்கிக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. மகளைப் பார்த்தாள். கன்னத்தில் ஐந்து விரல் பதிந்திருந்தது. "அடிப் பாவி, நீயேவா!" என்று குடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், வீடு போகும்வரை நிறுத்தவில்லை.

மாமியாரை உடனே வீட்டைவிட்டுத் துரத்தச் சொல்லி அந்த வாரம் இருநூறு கடிதம் வந்தது. அடுத்த நாடகத்தில் வள்ளிக்கண்ணுவுக்கு நான்கு வேஷம், அதில் ஒன்று ஆடு. பஸ்ஸில் அவள் அதைப் பழகிக்கொண்டே போக, கண்டக்டர் ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.