கருப்பு அதிகம்

தண்டாயுதபாணிக்குக் கை சும்மா இருக்காது. எந்தக் காகிதம் வந்தாலும் அடியில் ஒரு குறிப்பு எழுதி, சுருக்கொப்பம் போட்டு, தேதி இட்டால்தான் நிம்மதி. திண்டுக்கல்லில் ஓர் அரசாங்க ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் கோப்பு பார்த்த பழக்கம் அது. மகள் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் வந்தபோதுகூட ‘ஏற்கலாம்’ என்று எழுதி ஒப்பம் போட்ட மனுஷன். மளிகைச் சீட்டில் ‘புளி தவிர்க்கலாம்’ என்று எழுதி மனைவி காளியம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

கண்காணிப்பாளர் ஆன பிறகு கேமராக் கிறுக்கும் சேர்ந்துகொண்டது. அதிலும் கருப்பு வெள்ளைதான். கலர் படம் கண்ணை ஏமாற்றும், கருப்பு வெள்ளைதான் ஆளைக் காட்டும் என்று டீ நேரத்தில் மாட்டினவர்களையெல்லாம் பிடித்து உட்கார்த்திச் சொல்வார். “கருப்புல இருக்குற அழகு வேற எதுல இருக்கு?” என்பார். ஆள் நல்ல சிவப்பு. அப்படிச் சொல்ல அவருக்கு ஒன்றும் செலவில்லை.

அந்தப் பேச்சை நம்பிய ஒரே ஆள் சுகன்யா. அதே பிரிவில் இளநிலை உதவியாளர். சின்னாளபட்டியில் நெசவுக் குடும்பம், இருபத்தாறு வயது, நல்ல கருப்பு. ஆயுத பூஜை அன்று ஜன்னலோரம் நின்று எதற்கோ சிரித்தவளை அவர் எடுத்துவிட்டார். கேமராவின் சின்னத் திரையில் தன்னைப் பார்த்தவள், அதைக் கையில் வாங்கி இன்னொரு தரம் பார்த்தாள்.

“சார், இத எனக்கு ஒரு பிரிண்ட் போட்டுத் தாங்க. வீட்டுல அக்கா படம், தங்கச்சி படமெல்லாம் சுவத்துல தொங்குது. எம்படம் இல்ல. பன்னெண்டாவது முடிச்சப்ப ஸ்டூடியோவுல எடுத்தோம், மைதா மாவக் கொட்டுன மாதிரி ஆக்கிட்டாங்க. நாந்தான் கழட்டிப் பெட்டிக்குள்ள வச்சுட்டேன்.” தயங்கிவிட்டு இன்னொன்றும் சொன்னாள். “வெள்ளையாக்கிராதீங்க சார். இருக்குற மாதிரியே வேணும்.”

“ஏம்மா, யார்கிட்ட வந்து சொல்ற?” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாக்குக் கொடுத்தார்.

வெளியே ஸ்டூடியோவில் கொடுத்தால் அவர்கள் கை தானாகவே முகத்தை வெளுத்துவிடும். வீட்டுக்கே ஒரு பிரிண்டர் வாங்குவது என்று பழனி ரோட்டில் முகமது பாரூக் கடைக்குப் போனார்.

“கருப்பு வெள்ளைக்குன்னா ஆறு பாட்டில் மெஷின் எடுங்க சார். சாம்பல் கலர் மை, அதான் இங்கு, தனி பாட்டில்ல இருக்கும். வெல ரெட்டிப்பு” என்றார் பாரூக்.

“நம்ம சக்திக்குச் சொல்லுங்க பாய்.”

“அப்ப நாலு பாட்டில். ஆனா ஒண்ணு. பளபளப்புப் பேப்பர் போட்டா இந்த மெஷின் கருப்பு பாட்டிலத் தொடாது. மூணு கலரக் கலந்து கருப்புன்னு நம்மள ஏமாத்தும். மங்கலா இருக்குற தடிச்ச பேப்பர் போடுங்க, அசல் கருப்பே எறங்கும். கம்பெனி இங்கு மட்டும் ஊத்துங்க. லோக்கல் பாட்டில் ரெண்டே மாசத்துல வெளுத்துரும்.”

சனிக்கிழமை காலையில் சோதனை தொடங்கியது. சொன்னதைக் கேட்கிற ஆளா அவர்? முதலில் பளபளப்புத்தாளையே போட்டார். சுகன்யா முகத்தில் பாசி பிடித்த மாதிரி பச்சை. கருப்பு இங்கு மட்டும் போதும் என்று மெஷினுக்குச் சொல்லிச் சாதாரணத் தாளில் அடித்தார். கன்னமெல்லாம் ரவை தூவினதுபோல் புள்ளி. மூன்றாவதாகத் தடித்த தாள் மெதுவாக இறங்கியது. நெற்றி மினுமினுப்பு, சிரிப்பில் விழுந்த மடிப்பு, மூக்குத்தியில் ஒரு பொட்டு வெளிச்சம், மற்றதெல்லாம் ஆழமான கருப்பு. சுகன்யாவே எதிரில் நிற்பது போலிருந்தது. தண்டாயுதபாணிக்குத் தலைகால் புரியவில்லை.

காபியோடு வந்த காளியம்மாள் எட்டிப் பார்த்தாள். “ஏங்க, உங்க ஆபீஸ் பிள்ளையா? பாவம், கல்யாணம் ஆகாத பிள்ளைன்னு சொன்னீங்களே. கொஞ்சம் கலராத்தான் காட்டுங்களேன்.”

கருப்பு வெள்ளைப் படத்தில் கலராக! இதற்கு அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம். டீ நேரத்தில் பேசியதில் கால்வாசி சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மறுபடி தாளைப் பார்த்தார். இப்போது மனைவி பார்த்ததுதான் அவருக்கும் தெரிந்தது. ‘என்ன சார், பிள்ளைய இப்படிப் போட்டுட்டீங்க’ என்று நாலு பேர் கேட்பார்களோ என்று பயம் வந்தது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முகத்தை மட்டும் துளி வெளுத்தார். பிறகு இன்னும் ஒரு துளி. நாலாவது படம் பார்க்க இதமாக வந்தது.

பழக்கம் விடுமா? மற்ற மூன்றின் அடியிலும் எழுதினார். ‘பச்சை அடிக்கிறது.’ ‘புள்ளி தெரிகிறது.’ மூன்றாவதில், ‘கருப்பு அதிகம். நிராகரிக்கலாம்.’ ஒப்பம், தேதி.

திங்கட்கிழமை படத்தைக் கவரில் போட்டபோது, பஸ்ஸில் மடங்கிவிடுமே என்று பின்னால் விறைப்பாக ஒரு தாள் வைத்தார். கைக்கு அகப்பட்டது நிராகரித்த அந்தத் தடித்த தாள்தான். சிக்கனம். சுகன்யா கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “வீட்டுல எல்லார் முன்னாடியும் பிரிக்கிறேன் சார்.”

சாயங்காலம் மேசையை ஒழுங்குபடுத்தியபோது மூன்றாவது தாளைக் காணவில்லை. கவரில் வைத்தது அப்போதுதான் நினைவு வந்தது. போனை எடுத்தார், வைத்தார்.

மறுநாள் சுகன்யா வழக்கமான நேரத்துக்கு வந்து, நேரே அவர் மேசைக்கு வந்தாள். அவரே முந்திக்கொண்டார். “அது இங்குக்கு எழுதுனதும்மா. மெஷின் சோதன. உன்னச் சொல்லல.”

“தெரியும் சார். எங்கப்பாதான் சத்தமா வாசிச்சாரு. அக்கா வீட்டுக்காரரும் இருந்தாரு. இங்குக்குத்தான் எழுதியிருக்காருன்னு எல்லார்கிட்டயும் நாந்தான் சொன்னேன்.” கவரை மேசைமேல் வைத்தாள். உள்ளே நாலாவது படம் மட்டும் இருந்தது. “ஆனா நல்லாருக்குன்னு நீங்க குடுத்தது இதத்தான சார்? எங்கம்மா ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, இது யாருடின்னு கேட்டுச்சு.”

அவருக்குக் காதுமடல் சுட்டது. தலை நிமிரவில்லை. இத்தனை வருஷம் பேசிய பேச்செல்லாம் வெறும் வாய்ப்பந்தல் என்று இந்தப் பிள்ளைக்கு முன்னால் அம்பலமாகிவிட்டதே என்று அவமானம் பிடுங்கித் தின்றது.

“இன்னொண்ண ஃப்ரேமுக்குக் குடுத்துட்டோம். அடியில எழுதியிருக்குறத மட்டும் வெட்டிரச் சொல்லியிருக்கேன். இத நீங்களே வச்சுக்கங்க சார்.”

சொல்லிவிட்டும் அவள் போகவில்லை. கொஞ்சம் நின்றாள். மன்னிச்சுக்கம்மா என்று ஒரு வார்த்தை. தொண்டைவரை வந்தது. பக்கத்து மேசைகளில் பேனாக்கள் நின்றுபோய், எல்லாரும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதும் அந்த மனுஷன் சொன்னது இதுதான்:

“இங்கு சரியில்லம்மா. அதான் இப்பிடி வெளுத்துருச்சு.”

“சரி சார்” என்று அவள் தன் இடத்துக்குப் போனாள். இங்கில் ஒரு குறையும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.