கடைசி வரை போட்ட ஊசி

“இது எந்த ஊர் அரிசி?” என்று கேட்டார் கோவிந்தராசு.

ஈமச்சடங்கு நிறுவனத்து ஆள் தட்டைக் கையில் ஏந்தியபடி நின்றான். எத்தனையோ சாவு வீடுகளைப் பார்த்தவன்தான். ஆனால் இப்படி ஒரு கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“வாய்க்கரிசி, அங்கிள். சடங்குக்குன்னு வாங்கி வச்சது.”

“அது தெரியுது தம்பி. பாக்கெட்டு எங்க? பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும்.”

பாக்கெட்டைக் காலையிலேயே குப்பையில் போட்டாயிற்று. புக்கிட் பாஞ்சாங்கில் மகள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், வரிசையாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உறவுக்காரர் ஒருவர், செத்த பிறகுமா இந்த வம்பு என்று முணுமுணுத்தார். பெட்டிக்குள் படுத்திருந்த மருதப்பனால் மட்டும் பேச முடிந்திருந்தால் அவரும் பாக்கெட்டு எங்கே என்றுதான் கேட்டிருப்பார்.

தலைமாட்டில் நின்ற அவருடைய ஒரே மகள் சிவகாமசுந்தரி, “அங்கிள் கொண்டு வந்த அரிசியவே போடுங்க” என்றாள்.

கோவிந்தராசு தோள் பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு அரிசி. அதிலிருந்து ஒரு பிடி தட்டுக்குப் போனது. மகன் இல்லாத வீடு என்பதால் மருமகன் அசோக் முதலில் போட்டான். அடுத்து சிவகாமி. அப்பாவின் உதடு காய்ந்து, ஓரத்தில் வெடித்திருந்தது. மருத்துவமனையில் மூன்று நாள் குழாய் வைத்த இடம். அரிசி உள்ளே போகவில்லை. கன்னத்தில் உருண்டு கழுத்து மாலைக்குள் விழுந்தது.

செம்பவாங் கப்பல் பட்டறையில் சாப்பாட்டுச் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் மருதப்பன். டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. ஒரு கப்பலின் சமையல்காரர் விட்டுவிட்டுப் போன பத்திரிகையில் மரபணு மாற்றிய சோயாவைப் பற்றியும் சோளத்தைப் பற்றியும் படித்தார். அன்று பிடித்த பிடி, இருபத்திரண்டு வருஷம் விடவில்லை. ‘விதை வட்டம்’ என்று ஒரு குழுவைத் தொடங்கினார். அது நாற்பது பேர் வரை வளர்ந்து பிறகு ஒன்பது பேராகத் தேய்ந்தது. கேட்டதெல்லாம் ஒன்றுதான்: என்ன சாப்பிடுகிறோம் என்று டப்பாவில் எழுதுங்கள். பேரங்காடிகளுக்குக் கடிதம் போடுவார். நன்றி தெரிவித்துப் பதில் வரும். அந்த நன்றிகளைக் கோப்பில் போட்டு வைப்பார். நாளிதழில் வாசகர் கடிதம் வந்தால் அன்று மட்டும் இரண்டு டீ குடிப்பார், இரண்டும் சர்க்கரை இல்லாமல்.

வீட்டுக்காரர்களுக்குத்தான் திண்டாட்டம். சிவகாமியின் கல்யாணத்தில் சமையலுக்கு வந்த எண்ணெய் டின்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். முதல் பந்தி ஒரு மணி நேரம் தள்ளிப் போனது. அம்மா மண்டபத்துக் கழிவறையில் போய் அழுதாள். அந்த அம்மாவும் போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு செம்பவாங் வீட்டில் அவர் தனியாகத்தான் இருந்தார்.

அந்த வீட்டிலிருந்துதான் புதன்கிழமை காலை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். கதவு திறக்கவில்லையே என்று பக்கத்து வீட்டு நூர்தீன்தான் போன் செய்திருந்தார். சர்க்கரை தலைக்கு மேல் ஏறி, காலில் புண் முற்றி, நினைவு தப்பிக் கிடந்தார். அவசரப் பிரிவில் இளம் பெண் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “அவர் இன்சுலினை நிறுத்திவிட்டாரா?” என்பதுதான். இல்லை, வாய்ப்பே இல்லை, மருந்தை வாங்கிக் கொடுப்பவளே நான்தான் என்றாள் சிவகாமி. பாலிகிளினிக் மருந்தகத்தில் வேலை பார்ப்பவள் சொன்னதை அந்த மருத்துவர் மறுக்கவில்லை. இன்சுலினைச் சொட்டாக ஏற்றுவதற்கான ஒப்புதல் தாளை நீட்டினார். சிவகாமி கையெழுத்துப் போட்டாள். சனிக்கிழமை காலையில் உயிர் பிரிந்தது.

சனி மத்தியானம், அப்பாவுக்கு உடுத்தப் பட்டு வேட்டி எடுக்க செம்பவாங் வீட்டுக்குப் போனவள், தாகத்துக்குத் தண்ணீர் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தாள். முட்டை வைக்கும் தட்டில் இன்சுலின் ஊசிப் பேனாக்கள் படுத்திருந்தன. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. அவள் கையால் ஒட்டிய சீட்டு ஒவ்வொன்றிலும் இருந்தது. தேதிகளைப் பார்த்தாள். நான்கு மாதம்.

நான்கு மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை.

மகள் ரக்ஷனாவின் பதினைந்தாவது பிறந்தநாள். பள்ளித் தோழிகள் வந்திருந்தார்கள். மேசையில் இருந்த சோயா பானம், சோளச் சிப்ஸ் எல்லாவற்றையும் அப்பா வரிசையாகத் திருப்பி வைத்து, எதில் என்ன இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்கு விளக்கத் தொடங்கினார். பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். ரக்ஷனா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிவகாமிக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். கல்யாணத்து எண்ணெய் டின்னிலிருந்து வந்திருக்க வேண்டும்.

“தினம் ரெண்டு வேளை வயித்துல குத்திக்கிறீங்களே, அது எங்கேருந்து வருதுன்னு நினைக்கிறீங்க? அதுவும் மரபணு மாத்தின கிருமி செஞ்சதுதான். மொதல்ல அத விடுங்க. அப்புறம் வந்து எம்புள்ளைக்குச் சொல்லுங்க.”

அப்பா, திருப்பி வைத்த டப்பாக்களை ஒவ்வொன்றாக நேராக வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகும் வந்தார், போனார், சாப்பிட்டார். “மருந்து போடறீங்களா?” என்று கேட்டால், “ம்” என்றார்.

தன் வாய்தான் அவரைக் கொன்றதா? நேற்று மத்தியானத்திலிருந்து அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது இது ஒன்றுதான். அசோக்கிடம் கூடச் சொல்லவில்லை. பேனாக்களை வேட்டிக்குள் சுற்றி எடுத்து வந்து தன் அலமாரியில் பூட்டிவிட்டாள்.

வாய்க்கரிசி முடிந்ததும் கோவிந்தராசு அவளைத் தூண் பக்கமாகக் கூப்பிட்டார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், விதை வட்டத்தின் செயலாளர். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர் பேசினால் பத்து நாற்காலிக்குக் கேட்கும்.

“மண்டாய்ல எரிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை பேசலாம்னு இருக்கேம்மா. அண்ணன் ஊசிய நிறுத்தினத சொல்லணும்.”

சிவகாமி சுற்றிலும் பார்த்தாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. அது மரபணு சமாச்சாரம்னு அவருக்கு ரொம்ப வருஷமாவே தெரியும்மா. நான் ஒருதடவை கேட்டேன். வயல்ல விடறது வேற, தொட்டிக்குள்ள வச்சு மருந்து செய்யறது வேற, ராசுன்னாரு. ஞாயமாத்தான் பட்டுச்சு எனக்கு.”

“அப்புறம் ஏன் நிறுத்தினாரு?”

“யாரோ கேட்டுட்டாங்களாம். யாருன்னு சொல்லல, நானும் துருவல. ‘எனக்கு நானே சொல்லிக்கிட்ட பதில் இத்தனை நாள் போதுமா இருந்துச்சு ராசு. அந்த மூஞ்சிக்கு முன்னால போதல. இனிமே செஞ்சுதான் காட்டணும்’னாரு.” கோவிந்தராசு கண்ணைத் துடைத்துக்கொண்டார். “டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்கண்ணேன்னு சொன்னேன். சத்தியமா சொன்னேம்மா. அதுக்கு மேல சொல்லியிருக்கணும். சொல்லல.”

அவர் சட்டைப் பையில் நான்காக மடித்த தாள் துருத்திக்கொண்டிருந்தது. கொள்கைக்காக உயிரைக் கொடுத்தவர் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். அது வேண்டாம் அங்கிள் என்றாள் சிவகாமி. ஏன் என்று கேட்டார். அவள் அந்தத் தாளைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் கத்தினோம், ஒரு டப்பாவில் ஒரு எழுத்து மாறவில்லை, இந்த மனுஷன் சும்மா சர்க்கரை வியாதியில் போனார் என்று ஆகிவிடக் கூடாது, அதை மறைப்பது அவருக்குச் செய்கிற துரோகம் என்றார். சொல்லிவிட்டுப் பெட்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

பத்து நாற்காலிக்குக் கேட்டதில் ஒரு நாற்காலி பாக்கியலட்சுமியுடையது. லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருப்பவள். அறுபதைத் தாண்டியவள். பெட்டியில் கிடந்த மாலைகளில் பாதி அவள் கட்டியவை. விதை வட்டத்தின் ஒன்பது பேரில் அவளும் ஒருத்தி. அண்ணன் சாப்பிடாதே என்றால் சாப்பிடமாட்டாள். படி என்று அவர் கொடுத்த தாள்களைப் பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். எழுந்து வந்து சிவகாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் மல்லிகை வாசம்.

“நெசமா பாப்பா? ஊசிய விட்டுட்டாரா அண்ணன்?”

சிவகாமி அவளைப் பார்த்தாள்.

“எனக்கு இது என்னன்னே தெரியாது பாரேன். ஏழு வருஷமா நானும் குத்திக்கிட்டு இருக்கேன். காலையில கூடப் போட்டுட்டுத்தான் வந்தேன்.” பாக்கியலட்சுமியின் குரலில் வெட்கம் இருந்தது. “அவ்வளவு பெரிய மனுஷனே உசுரு போனாப் போகுதுன்னு விட்டிருக்காரு. நான் என்னத்துக்கு இதப் புடிச்சுத் தொங்கறேன்?”

“அக்கா, அப்படியெல்லாம் எதுவும் செஞ்சிடாதீங்க” என்று சிவகாமி சொல்வதற்குள் அசோக் கூப்பிட்டுவிட்டான். பெட்டியை மூடுகிற நேரம்.

மண்டாய்க்குப் போகும் பேருந்தில் ரக்ஷனா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். புக்கிட் பாஞ்சாங்கைத் தாண்டி மரங்கள் வந்த பிறகு அவள் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, தாத்தா இன்சுலின ஸ்டாப் பண்ணிட்டாருன்னு அந்த அங்கிள் சொல்றாரு.”

“ம்.”

“எப்போலேருந்து?”

சிவகாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “தெரியல” என்றாள். ரக்ஷனா அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டதுதான் சிவகாமிக்குப் பொறுக்க முடியவில்லை.

தகன மண்டபத்தில் அவர்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அடுத்த குடும்பம் வெளியே காத்திருந்தது. பூசாரி முடித்ததும் கோவிந்தராசு தாளைப் பிரித்தார். மருதப்பன் தேக்கா சந்தை வாசலில் நின்று துண்டுத் தாள் கொடுத்ததையும், நகரச் சொன்னால் பத்தடி நகர்ந்து மறுபடி கொடுத்ததையும் சொன்னபோது சிலர் அழுதபடியே சிரித்தார்கள். நன்றாகத்தான் பேசினார். அப்பா இருந்திருந்தால் தலையை ஆட்டிக் கேட்டிருப்பார்.

“கடைசியா ஒண்ணு. இது வெளியில யாருக்கும் தெரியாது. தன் உடம்புக்குள்ள போற ஊசியும் மரபணு மாத்தினதுங்கறதுக்காக, அண்ணன் அதையும் வேண்டாம்னு...”

“இல்லைங்க.”

யார் பேசியது என்று எல்லோரும் தேடினார்கள். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிவகாமி நின்றிருந்தாள்.

“அப்பா நிறுத்தல. அங்கிள்ட்ட அப்படிச் சொல்லியிருக்காரு. ஆனா நிறுத்தல. பேனா நான்தான் வாங்கிக் கொடுப்பேன், எனக்குத் தெரியும். மருந்து வேற, சாப்பாடு வேறன்னு சொல்லிட்டுத்தான் போட்டுக்கிட்டாரு. சாகிற வரைக்கும் இன்சுலின் அவர் உடம்புல ஏறிச்சு. கால் புண்ணுலதான் போனாரு.”

கோவிந்தராசு அவளையே பார்த்தார். அவருக்குத் தெரியும். மருதப்பன் தன்னிடம் பொய் சொல்கிறவர் அல்ல என்பது அவருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே ஒரு பெரிய காரியத்தை, பெற்ற மகளே எல்லோர் முன்னாலும் பிடுங்கிப் போட்டுவிட்டாள். தாளைப் பார்த்தார். அதில் இன்னும் நாலு வரி இருந்தது.

பிறகு அவர் பார்வை சிவகாமியின் பார்வை போன திசையில் போனது. இரண்டாவது வரிசையில் பாக்கியலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவள் என்பது கோவிந்தராசுவுக்குத் தெரிந்ததுதான்.

“மகளுக்குத் தெரியாதது எனக்கென்ன தெரியும்?” என்றார் கோவிந்தராசு. “நான்தான் தப்பா விளங்கிக்கிட்டேன் போல.” தாளை மடித்துப் பையில் வைத்தார். கைகூப்பினார். அவ்வளவுதான்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி தானாக நகர்ந்தது. தள்ளுவதற்கு யாரும் இல்லை. கதவு திறந்தது, பெட்டி உள்ளே போனது, கதவு மூடியது. ரக்ஷனா அழவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்தநாள் அன்று சாத்திய கதவு மெல்லிசானது, உள்ளே எல்லாம் கேட்டிருக்கும் என்பது சிவகாமிக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளையின் கையைப் பிடிக்கப் போனாள். ரக்ஷனா கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

திரும்பி வந்து குளித்துவிட்டுக் கீழே இறங்கியபோது மணி நாலு. சமையல்காரர்கள் பீஹூன் என்னும் சைவ அரிசிச் சேமியாவும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டு வந்து வைத்திருந்தார்கள். காலையிலிருந்து யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. கோவிந்தராசு முதல் ஆளாக உட்கார்ந்து, எதையும் விசாரிக்காமல், தட்டில் இருந்ததைத் தின்றுகொண்டிருந்தார். அவர் எதிரில் இருந்த நாற்காலி காலியாக இருந்தது.

சிவகாமி பாக்கியலட்சுமியைத் தேடினாள். நாற்காலிகளில் இல்லை. தண்ணீர்ப் பெட்டிகள் அடுக்கிய இடத்தில் இல்லை. பூக்கடைக்குக் கிளம்பிவிட்டதாக ஒருத்தி சொன்னாள். சிவகாமி வேகமாக நடந்து மின்தூக்கிப் பக்கம் திரும்பினாள்.

தபால் பெட்டிகளின் ஓரத்தில், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள் பாக்கியலட்சுமி. கைப்பை தரையில் திறந்து கிடந்தது. சேலையை இடுப்பில் ஒதுக்கி, வயிற்றை ஒரு கையால் கிள்ளிப் பிடித்து, மறு கையால் ஊசிப் பேனாவை அழுத்திக்கொண்டு, உதடு அசைய பத்து வரை எண்ணிக்கொண்டிருந்தாள்.

சிவகாமி சத்தம் போடாமல் திரும்பி வந்தாள். பாக்கியலட்சுமிக்கென்று ஒரு தட்டை எடுத்து பீஹூனைக் குறைவாகப் போட்டாள். கத்தரிக்காயை இன்னும் ஒரு கரண்டி சேர்த்தாள். அதைக் கொண்டு போய் கோவிந்தராசுவின் எதிரில் இருந்த காலி இடத்தில் வைத்துவிட்டு, ஈ உட்காராமல் பக்கத்திலேயே நின்று விசிறிக்கொண்டிருந்தாள்.