விரிசலில் ஓடிய லித்தியம்

ஆடியில் காவிரிக்குத் தண்ணீர் வந்தால் ஊரே சந்தோஷப்படும். செல்வமேரிக்கு மட்டும் கவலை பிடித்துக்கொள்ளும். காற்றில் ஈரம் ஏறினால் அவள் அரைத்துவைத்த பொடி கட்டிதட்டிப் போகும். மறுபடி உலையில் காயவைக்க வேண்டும். உலை சூடேறுகிற நேரம் பார்த்துக் கரண்ட் போகும். ஆறு வருஷமாக இதே பாடு.

திருச்சியில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டே அவள் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சியும் செய்துவந்தாள். திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றுகிற லித்தியம் பேட்டரிக்குள் ஊற்றும் திரவம், பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளக்கூடியது. அந்த இடத்தில், லித்தியம் அயனிகளைத் தன் வழியே போகவிடுகிற கெட்டியான ஒரு பொருளை வைத்துவிட்டால் அந்தப் பயம் இருக்காது என்று நம்பினாள். அதற்காகத்தான் பொடியை அழுத்தி, நாலணாக் காசு அளவுக்கு வில்லையாக்கிச் சுட்டெடுத்துக்கொண்டிருந்தாள். பெரும்பாலான வில்லைகள் உலையிலிருந்து வரும்போதே விண்டுபோயிருக்கும்.

எழுபத்தேழில், அதே கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில், திரவம் ஊற்றிய ஒரு செல் வெடித்து அவள் கணவன் அடைக்கலராஜின் இடது கை வெந்துபோனது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதன்பிறகு அவன் வேறு கல்லூரிக்கு மாறி, கரும்பலகைப் பாடம் மட்டும் எடுத்தான். ஆய்வுக்கூடத்துப் பக்கமே போனதில்லை. மறு வருஷம் அவள் இந்த வேலையில் இறங்கினாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எடமலைப்பட்டி புதூர் வீட்டில் பள்ளிக்கூடம், பால், வாடகை என்று எல்லாப் பேச்சும் நடக்கும். அந்தப் பேச்சு மட்டும் வராது.

எண்பத்து நான்கில் விரிசல் தெரியாத வில்லைகள் சில அமைந்தன. அவற்றை வைத்துக் கட்டிய செல் ஒன்று வாரக்கணக்கில் சார்ஜ் ஏறி இறங்கியது. வழிகாட்டிப் பேராசிரியர் தேசிகாச்சாரி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. பிரித்துப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு லித்தியம் முடி போல வளர்ந்து, வில்லையை ஊடுருவி மறுபக்கம் தொட்டிருந்தது.

மறுநாள் ஸ்ரீரங்கத்துக்குப் போய்ப் பேராசிரியரிடம் சொன்னாள். "பெருமாள் கைவிடமாட்டார்மா. இன்னும் நைசா அரைச்சு மறுபடி ஆரம்பிப்போம்" என்றார். சரியென்று தலையாட்டிவிட்டு வந்தாள். மறுபடி என்ற சொல்லைக் கேட்டதுமே எல்லாம் போதும் என்றாகிவிட்டது அவளுக்கு.

வீட்டுக்கு வந்து, "நாளைக்குப் போய் எல்லாத்தையும் மூட்டை கட்டி வச்சிட்டு வந்துடறேங்க. இனிமே என்னால முடியாது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்ததும் அடைக்கலராஜ் வீட்டுப் பக்கம் திரும்பாமல் அவளோடு பஸ் ஏறினான்.

ஆய்வுக்கூடத்து வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தான். அவள் கண்ணாடிச் சாமான்களைப் பழைய பேப்பரில் சுற்றத் தொடங்கினாள். அவன் மேஜையருகே நின்றபடி, செல் செத்தபோது என்ன ஆனது என்று கேட்டான். முள் இறங்கியது, அவ்வளவுதான் என்றாள். சூடு எவ்வளவு ஏறியது என்றான். தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை என்றாள்.

"அதே மாதிரி இன்னொண்ணு இருக்கா?"

இருந்தது. வேண்டாம் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். அவன் கேட்கவில்லை. கடைசியில் செல்லை இணைத்து, தாங்குகிற அளவுக்கு மேலேயே சார்ஜ் ஏற்றினார்கள். மணல் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவனைக் கதவுக்குப் பின்னால் போகச் சொன்னாள். அவன் நகரவில்லை. நெற்றி வேர்த்திருந்தது. மதியம் சாப்பாட்டு வேளையும் கடந்தது.

முள் ஒருமுறை துடித்துக் கீழே விழுந்தது.

அவள் தடுப்பதற்குள் அவன் கையை நீட்டிவிட்டான். வெந்த கையில் சூடு உறைக்காது. அதனால் நல்ல கையை நீட்டினான். உலோக மூடியின்மேல் உள்ளங்கையை வைத்து, எடுக்காமலே இருந்தான்.

"வெதுவெதுன்னு இருக்கு," என்றான். "அவ்வளவுதான்."

செல்வமேரி வாளியைக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

"இது பேட்டரி ஆகலைங்க."

"ஆகலைதான். ஆனா பத்திக்கவும் இல்லையே மேரி. அதை எழுது."

"எழுதணும்னா இன்னும் நாலைஞ்சு செல்லாவது கட்டிச் சாகடிக்கணும். வருஷக்கணக்கா ஆகும்."

"ஆகும்" என்று ஒத்துக்கொண்டான். ஆறுதல் சொல்கிற குரலே இல்லை அது.

சுற்றிவைத்த சாமான்களை அவள் சாயங்காலம் ஒவ்வொன்றாகப் பிரித்து அலமாரியில் அடுக்கினாள்.

சொன்னபடி வருஷங்கள்தான் ஆயின. வில்லையை லித்தியம் எப்படித் துளைக்கிறது, துளைத்தபின் செல் எப்படித் தீயில்லாமல் அணைகிறது என்பதை மட்டுமே ஆய்வேடாக எழுதிக் கொடுத்தாள். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர், அப்படியானால் இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டார். பக்கத்தில் இருப்பவருக்குக் கை வேகாது என்றாள். பட்டம் கிடைத்தது. அவள் கையால் பேட்டரி என்று ஒன்று கடைசிவரை உருவாகவில்லை.

பட்டம் வாங்கி வந்த அன்று மதியமே படுத்து அசந்து தூங்கியவள், மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் எழுந்திருக்கவில்லை. அடைக்கலராஜ் அவளை எழுப்பாமல், சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுத் தனியாகப் போய்வந்தான்.