காலை ஆயில்

மெக்கானிக்குக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பந்தயக் கார் மறுபடியும் புகையோடு பாதியில் திரும்பி வந்தபோது அவன் காரைப் பார்க்கவில்லை, மச்சினனைத்தான் பார்த்தான். ஆயில் தொட்டியின் மூச்சுக்குழாய் போய்ச் சேரும் பாட்டில் நிரம்பி வழிந்து, பின்சக்கரம் வரை நனைந்திருந்தது. பாதையில் ஆயில் சிந்தினால் போட்டியிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். வெளியேற்றிவிட்டார்கள்.

"பிஸ்டன் ரிங் சரியா உட்காரல. எரிஞ்ச கேஸ் கீழ இறங்கி ஆயிலை வெளிய தள்ளுது. யாரு போட்ட ரிங்?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினான்.

இன்ஜினைக் கட்டியது மச்சினன், மனைவியின் தம்பி. "அளந்துதான் அத்தான் போட்டேன்" என்றான்.

"அளந்த லட்சணம்தான் தெரியுதே. நாளையிலேர்ந்து வராத."

மறுநாள் காலை மச்சினன் வந்து தன் சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டான். அன்றிலிருந்து மனைவி சோற்றை மேசையில் வைப்பாள், பேச மாட்டாள். மாமனார் காலமெல்லாம் லாரி ஓட்டியவர், இப்போது ஷெட்டிலேயே படுத்துக் காவல் காப்பவர். அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? இன்ஜினைப் பிரித்தான். ரிங்குகள் கச்சிதமாக இருந்தன, சிலிண்டரில் ஒரு கீறல் இல்லை. இருந்தாலும் புது ரிங் போட்டு மூடினான். தப்பை ஒப்புக்கொள்வதைவிட அது சுலபம். அடுத்த பந்தயத்திலும் ஆயில் வழிந்தது.

அப்புறம்தான் ஆயில் அளவின் மேல் சந்தேகம் வந்தது. சாதாரண வண்டி மாதிரி இதில் ஆயில் இன்ஜினின் அடியில் தங்காது. ஒரு பம்பு அதை உறிஞ்சித் தனித் தொட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வண்டி நின்றுவிட்டால் தொட்டி ஆயில் மெல்லக் கசிந்து இன்ஜினுக்குள் இறங்கிவிடும். விடிந்து பார்த்தால் தொட்டி குறைந்த மாதிரித்தான் தெரியும், ஆனால் மொத்த ஆயில் குறைந்திருக்காது. அப்போது மேலே ஊற்றினால், வண்டி ஓடும்போது தொட்டி நிரம்பி மூச்சுக்குழாய் வழியாக வழிந்துவிடும். அதனால் மாலையில் ஓட்டி முடித்த சூட்டோடு அவனே அளவு பார்த்து வைப்பான். அதற்குப் பிறகு யாரும் தொடுவதில்லை என்றுதான் நினைத்திருந்தான்.

மறுநாள் சீக்கிரமே ஷெட்டுக்குப் போனான். மாமனார் தொட்டியைத் திறந்து ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"காலையில ஆயில் பார்க்காம வண்டி எடுக்கலாமா மாப்பிள்ளை? தினமும் குறையுது. தம்பி கட்டின இன்ஜின். ஆயில் இல்லாம காஞ்சுபோய் அவன் பேரு கெட்டுடக் கூடாதுல்ல?"

மெக்கானிக்குக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. உங்க பையன் பேரைக் கெடுத்தது உங்க கைதான் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? வெளியே போய் மச்சினனுக்குப் போன் போட்டான்.

"தப்பு உன் மேல இல்லடா. நான்தான் அவசரப்பட்டுட்டேன். திரும்பி வந்துடு. கோளாறு என்னன்னா..."

"தெரியும் அத்தான். சாமான் எடுக்க வந்த அன்னைக்குப் பார்த்தேன். அப்பா ஊத்திட்டிருந்தார்."

"பார்த்துட்டு ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னைக்கு நீங்க அவரைச் சும்மா விட்டிருப்பீங்களா?"

மெக்கானிக் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"நான் இப்ப வந்தா, கோளாறு என்னன்னு அப்பா கேப்பார். எனக்குப் பொய் சொல்ல வராது. அவரால பிள்ளைக்கு வேலை போச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டார். நான் இங்கயே இருந்துக்கறேன், விடுங்க."

போனை வைத்துத் திரும்பினால் வாசலில் மாமனார் நின்றிருந்தார்.

"தம்பியா? என்ன சொல்றான்?"

"நல்லா இருக்கானாம்."

"நான் தினமும் ஆயில் பார்த்துக்கறேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன் மாமா."

அடுத்த பந்தயத்தன்றும் காலையில் அவர் ஊற்றினார். மெக்கானிக் தடுக்கவில்லை. அவர் முகம் கழுவப் போனதும் இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி, அவர் ஊற்றியதை உறிஞ்சி எடுத்து டின்னிலேயே திரும்ப விட்டான். கார் ஒரு சொட்டு சிந்தாமல் ஓடி முடித்தது.

"பார்த்தீங்களா மாப்பிள்ளை, தம்பி கட்டின இன்ஜினை" என்றார் மாமனார். "அவன் மட்டும் கோவிச்சுக்காம இருந்திருந்தா இதைப் பார்த்திருப்பான்."