உளுந்து முறை நோட்டு

பத்து மணிக்குள் ஷெட்டில் உளுந்து வாசனையே இருக்கக்கூடாது என்று சபியுல்லா சொல்லியிருந்தான். அதனால் தஸ்லிமா எட்டு மணிக்கே வந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கோவில்பட்டி தொழிற்பேட்டையில் அவள் நடத்தும் 'மின்மினி' மிக்ஸி கம்பெனியில் ஆறு பெண்கள் வேலை பார்த்தார்கள். மாதம் நூறு மிக்ஸி தயாராகும். கடம்பூர், கயத்தாறு, குளத்தூர்க் கடைகளுக்கு அது போதும். இப்போது திருநெல்வேலியில் நான்கு கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய கடை, தீபாவளிக்கு நானூறு மிக்ஸி கேட்டிருந்தது. கூடவே ஒரு நிபந்தனை. மிக்ஸியால் வாங்கியவர் வீட்டில் தீப்பிடித்தாலோ, யாருக்காவது ஷாக் அடித்தாலோ நஷ்டஈடு கொடுக்கிற காப்பீடு இருக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் அந்தக் காகிதம் வராவிட்டால் ஆர்டர் கோயம்புத்தூருக்குப் போய்விடும். வந்தால் இன்னும் நாலு பெண்களை வேலைக்கு எடுக்கலாம். யார் யாரை என்பதைக்கூட தஸ்லிமா முடிவு செய்துவிட்டாள்.

காப்பீட்டு ஏஜெண்டான சபியுல்லா அவளுடைய சித்தப்பா மகன், தம்பி முறை. மதுரையிலிருந்து ஷெட்டைப் பார்வையிட அதிகாரி வருகிறார் என்றதும், முதல் நாளே வந்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தான்.

"லாத்தா, கரண்டு சாமான் செய்யுத எடத்துல உளுந்தும் மாவுமா கெடந்தா அவிய என்ன நெனைப்பாவ? இது மிக்ஸி கம்பெனியா, இட்லிக் கடையான்னு கேக்க மாட்டாவளா?"

விஷயம் இதுதான். பெட்டியில் அடைக்கும் முன் ஒவ்வொரு மிக்ஸியிலும் உளுந்து அரைத்துப் பார்ப்பது அங்கே வழக்கம். கடைக்குப் போகும் ஜாரில் மாவு படாது; சோதனைக்கென்று தனி ஜார் உண்டு. ஒரு நாளைக்கு நாலு மிக்ஸி, நாலு ஜார் மாவு. ஒரு வீட்டுக்குச் சரியாக இருக்கும். வேலை பார்க்கும் பெண்களே தங்கள் கரிசல் காட்டு உளுந்தை ஊறப்போட்டு, முறை வைத்துக் கொண்டுவருவார்கள். முறையில் சண்டை வந்ததால் ஒரு நோட்டும் போட்டிருந்தார்கள்.

அந்த நோட்டு இப்போது சபியுல்லாவின் பைக் பெட்டிக்குள் இருந்தது. அன்றைய உளுந்து, தூக்குச்சட்டியோடு பக்கத்துத் தீப்பெட்டி ஷெட்டுக்குப் போயிருந்தது.

அதிகாரி லிங்கராஜ் மெலிந்த மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா. வயரிங்கைப் பார்த்தார், மின்கசிவு பார்க்கும் மீட்டரைத் தானே வைத்துப் பார்த்தார், அதிக பாரம் வந்தால் மோட்டாரை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தஸ்லிமாவுக்கு மூச்சு சீராக வர ஆரம்பித்தது.

"ஜார்ல என்ன போட்டு ஓட்டிப் பாப்பீங்கம்மா?"

தஸ்லிமா தம்பியைப் பார்த்தாள். சொல்லாதே என்பதுபோல் அவன் லேசாகத் தலையை ஆட்டினான்.

"ஒண்ணும் போட மாட்டோம் சார். சும்மா ஓட்டிப் பாப்போம். சுத்தமா இருக்கணும்லா."

லிங்கராஜ் பேனாவை மூடினார். "சும்மா ஓட்டினா எல்லா மிக்ஸியும் நல்லாத்தாம்மா ஓடும். உள்ளே ஏதாவது அரைபடும்போதுதானே சூடு ஏறும், மோட்டார் காயில் கருகும்? அதைப் பாக்காத பொருளுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? மன்னிச்சிருங்க."

கழுவிய தரை தஸ்லிமாவைப் பார்த்துப் பளபளத்தது. தன் வாயாலேயே கெடுத்தாயிற்று. இனி உண்மையைச் சொன்னாலும், கேட்டதும் மாற்றிப் பேசுகிறாள் என்றுதானே தோன்றும்?

அப்போதுதான் தூக்குச்சட்டியோடு வெயிலுகந்தம்மாள் உள்ளே வந்தாள். ஷெட்டில் எல்லோரையும்விட வயதில் மூத்தவள்.

"ஏ தாயி, மணி பன்னெண்டாவுது, உளுந்து நொதிக்கி. சாயங்காலம் மாப்ள வீட்டுக்காரவிய வாராவ, நான் வடை சுடணும். இன்னைக்கு எம் முறைதான? நோட்டை எடு, பாப்போம்."

சபியுல்லா ஜாடை காட்டினான்.

"என்னலே, என்னையப் பாத்துக் கண்ணடிக்கே? ஒங்கம்மா வயசு எனக்கு!"

மூலையில் திருகு முடுக்கிக்கொண்டிருந்த உமாதேவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. லிங்கராஜ் தூக்குச்சட்டியைப் பார்த்தார். "என்ன நோட்டும்மா?"

தஸ்லிமா ஒரு கணம்தான் யோசித்தாள். "சபி, போய் எடுத்துட்டு வா."

நீண்ட நோட்டு அது. அட்டையில் மாவு காய்ந்திருந்தது. லிங்கராஜ் நின்றுகொண்டே புரட்டினார். தேதி, மிக்ஸி எண், எத்தனை நிமிடம் ஓடியது, மாவு யாருக்கு. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், பதினோரு மாதமாக ஒருநாள் விடாமல். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது என்ன? '2231, அஞ்சு நிமிஷத்துல மாவு சுட்டுது, வெயிலு வேண்டாம்னுட்டா.'"

"சூடான மாவு எதுக்குங்கேன்? வடை கல்லு மாதிரி வரும்" என்றாள் வெயிலுகந்தம்மாள். "அப்பிடி வந்தா மிக்ஸிய உமாகிட்ட திருப்பிக் குடுத்துருவோம். அவ காயிலை மாத்துவா. மறுக்கா அரைச்சு, மாவு குளுந்து இருந்தாத்தான் வாங்குவேன்."

"அந்த ஒரு மிக்ஸிக்கு என்னைய மூணு மட்டம் பிரிக்க வச்சா சார், இந்தக் கெழவி!" என்றாள் உமாதேவி.

"ஏட்டி, யாரைக் கெழவிங்கே?"

லிங்கராஜ் எழுந்து, அடைத்து ஒட்டிய பெட்டிகளில் தானே ஒன்றைக் காட்டினார். பிரித்தார்கள். வெயிலுகந்தம்மாள் சோதனை ஜாரில் உளுந்தைப் போட்டாள். ஐந்து நிமிடம் மிக்ஸி ஓடியது; யார் பேசினாலும் கேட்டிருக்காது. அவர் மோட்டாரின் அடியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். அவள் ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டாள். மிதந்தது.

"எங்க ஆளுங்க இவ்வளவு கண்டிப்பா இருந்ததில்லம்மா" என்று அவர் பேனாவைத் திறந்தார். நோட்டின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துக்கொண்டார். சபியுல்லா வெளியே போய்த் தன் பைக்கைத் துடைக்க ஆரம்பித்தான், அது சுத்தமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை பாலிசி வந்தது. தஸ்லிமா மூன்றுமுறை படித்தாள். நாலாம் பக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: ஒவ்வொரு மிக்ஸியையும் அரைத்துப் பார்த்து, பதிவு வைத்த பிறகே அனுப்ப வேண்டும். தீபாவளி வரை ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மிக்ஸி. பன்னிரண்டு ஜார்.

"தெனமும் பன்னெண்டு ஜாரு உளுந்துக்கு நாம எங்கன போறது?" என்றாள் உமாதேவி.

திங்கட்கிழமை பதில் தானாகவே வந்து நின்றது. தீப்பெட்டி ஷெட் பெண்களிடம் வெயிலுகந்தம்மாள் சொல்ல, அவர்கள் தங்கள் தெருவில் சொல்ல, காலை ஒன்பது மணிக்கு வாசலில் பதினெட்டு தூக்குச்சட்டிகள். புதிதாகச் சேர்ந்த நாலு பெண்களும் தங்கள் சட்டியோடுதான் வந்திருந்தார்கள். வரிசையின் முன்னால் புகுந்து இரண்டு வாளி உளுந்தை இறக்கினார் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வடைக்கடை போட்டிருக்கும் கருத்தையா.

"அண்ணாச்சி, பின்னால போங்க!"

"எனக்கு அவசரம்மா, யாவாரம்!"

"எங்களுக்கு மட்டும் என்ன, வெளயாட்டா?"

தஸ்லிமா புது நோட்டைப் பிரித்து, முதல் வரியில் தேதியைப் போட்டாள்.