கறுப்புக் கிளி முத்திரை

பஸ்தியான் முதலாளியின் புதுப் படகை ஆசீர்வதிக்க ஃபாதர் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் கோதுமை மாவைக் கரைத்து அடுப்பில் ஏற்றினேன். பசை நன்றாக இறுக வேண்டும். முத்திரை ஒட்டுகிற வேலை எனக்கு இருந்தது.

எல்லாம் சீஷெல்ஸ் நாட்டு முத்திரைகள். ஆபிரிக்காப் பக்கத்துத் தீவு நாடு அது. ஒவ்வொன்றிலும் அந்த ஊர்ப் பறவை ஒன்று: வெள்ளை ஆலா, செந்தலை நீலப் புறா, வால் நீண்ட கறுப்புக் குருவி. என் புருஷன் சந்தியோகு அங்கே மறியற்சாலையில் அடைபட்டு இருந்து போடும் கடிதங்களில் வந்தவை. "இங்க கறுப்புக் கிளிதான் பேர்போனது. அந்த முத்திரை மட்டும் கிடைக்கேல்ல. கிடைச்சால் மதுசாவுக்கு அனுப்புறன்" என்று எழுதியிருந்தார். மறியலில் கிடந்துகொண்டு மகளின் கிளிக்குக் கவலைப்படுகிற மனிதர்!

சண்டைக்கு ஓடிவந்த நாங்கள், அது முடிந்து ஊரில் கடற்தொழிலுக்கு விட்ட பிறகும் வன்னிக்குத் திரும்பாமல் கற்பிட்டியிலேயே தங்கினோமே, இந்தப் பஸ்தியானை நம்பித்தான். "சீஷெல்ஸ் கடலெல்லையைத் தாண்டிப் போ, மீன் கொட்டிக் கிடக்கு. பிடிபட்டால் நான் பார்த்துக்கொள்ளுறன்" என்று என் முற்றத்தில் நின்று, என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னவன். அவர் பிடிபட்டதும் கையை விரித்தான். அது போதாதென்று, தான் கொடுத்த படகைச் சந்தியோகு விற்றுவிட்டு இத்தாலிக்கு ஓடிவிட்டான் என்று ஊரெல்லாம் கதை கட்டினான். கோயிலில் என் பக்கத்தில் இருக்கப் பெண்கள் கூசினார்கள். நாசமாய்ப் போவான்!

கடிதங்களை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. காட்டியிருந்தால் வாயால் சமாளித்திருப்பான். அவன் புதுப் படகு வாங்கி, ஆள் சேர்த்து, ஊரைக் கூட்டுகிற நாள் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அன்று காலை, மாலை கட்ட வந்த பெண்களோடு நானும் படகில் ஏறினேன். மறியற்சாலைச் சீல் தெரியும்படி உறையோடு வெட்டியெடுத்த முத்திரைகளைச் சுக்கான் அறைக் கதவில் வரிசையாக ஒட்டினேன். மேலே பூமாலையைத் தொங்கவிட்டேன்.

ஃபாதர் ஆசீர்வதித்து இறங்கினார். வெடி கொளுத்தினார்கள். படகை ஓட்ட வந்த முஹ்ஸின் கதவைத் திறக்க மாலையை விலக்கினவன், அப்படியே நின்றுவிட்டான்.

"என்னக்கா இது?"

"வாசியுங்கோ தம்பி. குருவிக்குப் பக்கத்தில சீல் இருக்கு. இந்த முதலாளியின்ர பேச்சைக் கேட்டு எல்லை தாண்டின என்ர மனுசன் மறியலில இருந்து அனுப்பினது."

முஹ்ஸின் ஒவ்வொன்றாக வாசித்தான். பிறகு பஸ்தியானைப் பார்த்தான்.

"முதலாளி, அவர் இத்தாலியில எண்டு சொன்னீங்களே? என்னையும் அந்த எல்லைக்கு அங்கால போகத்தானே சொன்னீங்க?"

"அவள் விசரி! அவளின்ட கதையைக் கேக்காத!"

முஹ்ஸின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் குதித்தான். முதற் பயணத்துக்கு முன் ஒருவன் இறங்கிவிட்டால் அந்தப் படகில் வேறொருவனும் இருக்க மாட்டான். எங்கள் கரையில் அப்படித்தான். வலை இழுக்க வந்த ஜெனோசன் இறங்கினான். மற்றவர்களும் இறங்கினார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

பஸ்தியான் கத்தியால் முத்திரைகளைச் சுரண்டினான். புதுப் பெயின்ற்றும் சேர்ந்து உரிந்தது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. வியர்த்து வழிய என்னிடம் வந்தான்.

"திரேசா, லோயர் பிடிச்சு உன்ர மனுசனை வெளியில எடுத்துத் தாறன். நீ ஒரு சொல்லுச் சொல்லு, பொடியனுகள் ஏறுவானுகள்."

அதுவரை அவனை 'முதலாளி' என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.

"பஸ்தியான், அவர் இந்தக் கரையில வந்து நிக்கிற அண்டைக்கு உனக்கு ஆள் வரும். அதுக்கு முந்தி அவசரமெண்டால் நீயே போ. எல்லை எங்க இருக்கெண்டு உனக்குத் தெரியும்தானே? பிடிபட்டால் எனக்கொரு கடிதம் போடு. கறுப்புக் கிளி முத்திரை ஒட்டிப் போடு. என்ர பிள்ளை அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள்."